படத்துக்குக் கீழே என்ன எழுதப் போகிறோம்?

(விளையாட்டுப் போட்டி நிறைவு நிகழ்வு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



படிப்பகத்தின் சுவரில் விளையாட்டு வீரர்களின் படங்களை வைக்கப் போகிறோம், அதையொட்டிக் கொஞ்சம் பேசுங்கள் என்று கேட்டீர்கள். யார் யாரை வைக்கலாம் என்று ஒரு பட்டியலையும் காட்டினீர்கள். அதில் ஒரு பெயரை வைத்து உங்களுக்குள் பெரிய சண்டையே நடந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். நல்ல சண்டைதான். அந்தப் பெயருக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துக்குப் போய் வருவோம். அங்கே பர்மிங்ஹாம் என்றொரு நகரம். அதன் மையப் பகுதியில் 'அலபாமா ஸ்போர்ட்ஸ் ஹால் ஆஃப் ஃபேம்' இருக்கிறது. நாம் புகழரங்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். அமெரிக்காவில் இது பெரிய வழக்கம். ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று, சில ஊர்களுக்கேகூட ஒன்று என்று வைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் சிலரைத் தேர்ந்தெடுப்பார்கள், பெயர் பொறித்த பலகை வைப்பார்கள், அவர்கள் அணிந்த கையுறையையும் காலணியையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள்.

அலபாமா புகழரங்கத்தில் இருப்பவர்களைப் பாருங்கள். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஹிட்லரின் கண்முன்னே நான்கு தங்கம் வென்ற ஜெஸ்ஸி ஓவன்ஸ். 1937 முதல் 1949 வரை உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியனாக இருந்த ஜோ லூயிஸ். பேஸ்பாலில் சாட்செல் பெய்ஜ், வில்லி மேஸ், ஹாங்க் ஆரன். ஒரு மாநிலம் இவ்வளவு பேரைப் பெற்றெடுத்ததா என்று மலைப்பாக இருக்கும்.

இந்த ஐந்து பேரும் கறுப்பினத்தவர்கள்.

இப்போது அதே பர்மிங்ஹாம் நகரத்தின் ஒரு சட்டத்தைச் சொல்கிறேன். நகராட்சிச் சட்டத் தொகுப்பில் 597ஆவது பிரிவு. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து சீட்டாடக் கூடாது, தாயக்கட்டை உருட்டக் கூடாது, டாமினோ, செக்கர்ஸ் ஆடக் கூடாது என்பது அது. 1950இல் அதை விரிவாக்கி பேஸ்பால், சாஃப்ட்பால், கால்பந்து, கூடைப்பந்து எல்லாவற்றையும் சேர்த்தார்கள். 1954இல் நகர நிர்வாகம் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தது. வெள்ளையர்கள் கொதித்தெழுந்து, பொது வாக்கெடுப்பு நடத்தி, தடையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். சேர்ந்து விளையாடுவதே குற்றம் என்று வாக்குச்சீட்டில் முத்திரை குத்திச் சொன்ன ஊர் அது.

அந்த ஊரில்தான் இப்போது ஓவன்ஸும் பெய்ஜும் மேஸும் 'அலபாமாவின் பெருமை'யாக இருக்கிறார்கள்.

ஓவன்ஸ் 1913இல் ஓக்வில் என்ற சிற்றூரில் பிறந்தார். பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பயிர் செய்த குடும்பம். அவருக்கு ஒன்பது வயது வாக்கில் குடும்பமே மூட்டை கட்டிக்கொண்டு வடக்கே கிளீவ்லண்டுக்குப் போய்விட்டது. ஜோ லூயிஸும் வாரக்குடி வீட்டுப் பிள்ளைதான். பன்னிரண்டு வயதில் டெட்ராய்ட். லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் தென்மாநிலங்களின் வன்கொடுமைக்கும் வறுமைக்கும் தப்பி வடக்கே போன காலம் அது. ஓவன்ஸ் ஓடிப் பழகிய பள்ளி கிளீவ்லண்டில் இருந்தது. லூயிஸ் கையுறை மாட்டக் கற்றுக்கொண்டது டெட்ராய்ட்டில். அலபாமா அவர்களுக்குக் கொடுத்தது ஒன்றே ஒன்று, ஊரை விட்டுப் போவதற்கான காரணம். பிறப்புச் சான்றிதழைக் காட்டி 'எங்கள் மண்ணின் மைந்தன்' என்று அதே மாநிலம் பலகை வைத்துக்கொள்கிறது.

இந்தப் புகழரங்கத்தை உருவாக்கியது அலபாமா சட்டமன்றம், 1967இல். அப்போது அந்தச் சட்டமன்றத்தில் ஒரு கறுப்பின உறுப்பினர்கூட இல்லை. உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுகட்டமைப்புக் காலத்துக்குப் பிறகு முதல் இருவர் உள்ளே போனது 1970 தேர்தலில்தான். மாநிலப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியை 1958 முதல் நடத்திய புகழ்பெற்ற பயிற்சியாளர் பால் 'பேர்' பிரையண்ட் கறுப்பின மாணவர் ஒருவருக்கு முதல் உதவித்தொகை கொடுத்துச் சேர்த்தது 1969 இறுதியில். அதாவது கறுப்பர்களுக்குத் திடல் திறப்பதற்கு முன்பே புகழரங்கம் திறந்துவிட்டது. பிரையண்டும் அந்த அரங்கத்தில் இருக்கிறார், ஓவன்ஸும் இருக்கிறார். இருவரும் ஒரே வாசல் வழியாகவா உள்ளே வந்தார்கள்?

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்று யாராவது கேட்கலாம். நிறவெறியும் சாதியும் ஒன்றல்ல, அது எனக்கும் தெரியும். ஆனால் அண்ணல் அம்பேத்கரே 1946இல் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு அளித்த மனுவைக் கேட்டவர். தோற்றவர்களிடமிருந்தும் வென்றவர்களிடமிருந்தும் கடன் வாங்குவதில் அவருக்குக் கூச்சம் இருந்ததில்லை.

கூப்பர்ஸ்டவுன் என்ற ஊரிலுள்ள தேசிய பேஸ்பால் புகழரங்கத்தின் கதையை இங்கே கட்டாயம் சொல்ல வேண்டும். 1939இல் திறக்கப்பட்டது. உள்ளே போக ஒரு விதி: மேஜர் லீக்கில் பத்து ஆண்டு ஆடியிருக்க வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. தகுதி, மெரிட்! ஆனால் மேஜர் லீக்கில் 1947 வரை கறுப்பர்களைச் சேர்க்கவே இல்லை. எழுதப்படாத விதி. அதனால் அவர்கள் நீக்ரோ லீக் என்ற தனி அணிகளில் ஆடினார்கள். சாட்செல் பெய்ஜ் அங்கே இருபது ஆண்டுக்கு மேல் பந்து வீசிவிட்டு, மேஜர் லீக்கில் முதன்முதலாகக் கால் வைத்தபோது அவருக்கு 42 வயது. அவரால் எங்கே பத்து ஆண்டு ஆட முடியும்? ஜோஷ் கிப்சன் என்ற மாபெரும் ஆட்டக்காரர் 1947 ஜனவரியில் 35 வயதில் இறந்துபோனார். ஜாக்கி ராபின்சன் நிறத் தடையை உடைத்துக்கொண்டு மைதானத்தில் இறங்கியது அதே ஆண்டு ஏப்ரலில். மூன்றே மாதம்.

நம் ஊரில் கட்-ஆஃப் மதிப்பெண், தகுதி, தரம் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு இந்தப் பத்தாண்டு விதிதான் நினைவுக்கு வரும். வாசலை அடைத்தவனே உள்ளே எத்தனை ஆண்டு இருந்தாய் என்று கணக்கும் கேட்கிறான்.

எதிர்ப்பு கிளம்பியது. 1971இல் பெய்ஜைச் சேர்க்க ஒப்புக்கொண்டார்கள். எப்படி? நீக்ரோ லீக் வீரர்களுக்கென்று தனிப் பகுதி ஒதுக்கி அங்கே வைப்போம் என்றார்கள். தோழர்களே, இதற்கு நம் தேநீர்க் கடைகளில் ஒரு பெயர் உண்டு. இரட்டைக் குவளை. புகழிலும் இரட்டைக் குவளை! பலரும் காறித் துப்பிய பிறகுதான் முழு உறுப்பினராகச் சேர்த்தார்கள். கறுப்பர்களோடு ஆட மாட்டேன் என்று 1880களில் அடம்பிடித்த கேப் ஆன்சன் 1939லேயே உள்ளே போய்விட்டார். தான் ஆணையராக இருந்த கால் நூற்றாண்டில் ஒரு கறுப்பர்கூட மேஜர் லீக்கில் ஆடாமல் பார்த்துக்கொண்ட லாண்டிஸ் 1944இல் போய்விட்டார். தடுத்தவர்களுக்கு முதல் வரிசை, தடுக்கப்பட்டவர்களுக்குத் தனி மூலை.

நீக்ரோ லீக்குகளும் மேஜர் லீக்தான் என்று 2020 டிசம்பரில் ஒத்துக்கொண்டார்கள். 2024இல் புள்ளிவிவரங்களை இணைத்தபோது மட்டைவீச்சுச் சராசரியில் அதுவரை முதலிடத்தில் இருந்த டை காப் கீழே இறங்க, ஜோஷ் கிப்சன் மேலே வந்தார். செத்து 77 ஆண்டுக்குப் பிறகு. அவர் அடித்த அடி எதுவும் மாறவில்லை. எண்ணும் விதி மாறியது, அவ்வளவுதான்.

அதே 2024 ஜூனில் பர்மிங்ஹாமின் பழைய ரிக்வுட் மைதானத்தில் நீக்ரோ லீக் வீரர்களைக் கௌரவிக்க ஒரு சிறப்பு ஆட்டம் நடத்தினார்கள். வில்லி மேஸ் இளைஞராக ஆடிய மைதானம். ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு மேஸ் இறந்துவிட்டார். தொலைக்காட்சியில் ரெஜ்ஜி ஜாக்சன் என்ற முன்னாள் வீரரிடம், இங்கே திரும்பி வந்தது எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். இனிப்பாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவரோ 1967இல் அந்த ஊரில் ஆடியபோது உணவகத்தில் சாப்பாடு மறுக்கப்பட்டதையும் விடுதியில் இடம் மறுக்கப்பட்டதையும் நேரலையிலேயே சொன்னார். அப்படி ஒன்றை எவருக்கும் நேர வேண்டாம் என்றார். அந்த நிகழ்ச்சியிலேயே உண்மையான நினைவுப்பலகை அந்தச் சில நிமிடப் பேச்சுதான் என்பேன்.

சரி, இப்போது உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். சண்டை கிளப்பிய பெயர்: பல்வங்கர் பாலு.

பாலுவைப் பற்றி இங்கே பலருக்கும் தெரியும் என்றாலும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். சமார் சாதியில் பிறந்தவர். தார்வாடில் பிறப்பு, வளர்ந்தது பூனா. பூனாவில் ஐரோப்பியர்களின் கிளப்பில் மாதம் 4 ரூபாய் சம்பளம். ஆடுகளத்தை உருட்டிச் சமன் செய்வது, வலை கட்டுவது, வெள்ளைக்காரர்கள் மட்டையடித்துப் பழகப் பந்து வீசுவது. மணிக்கணக்கில் பந்து வீசலாம், மட்டையைத் தொடக் கூடாது. மட்டை துரைகளுக்கு, உழைப்பு நமக்கு. அப்படிப் பழகித்தான் இந்தியாவின் முதல் பெரிய சுழற்பந்து வீச்சாளர் உருவானார்.

பூனா இந்துக்களின் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. பெரிய மனது இல்லை, ஐரோப்பியரை ஜெயிக்க வேறு ஆள் இல்லை. களத்தில் அவர் தொட்ட பந்தைப் பார்ப்பனர்களும் தொட்டார்கள். தேநீர் இடைவேளை வந்தால் மற்றவர்களுக்கு உள்ளே பீங்கான் கோப்பை, பாலுவுக்கு வெளியே தூக்கியெறியும் மண் குவளை. சாப்பிடத் தனித் தட்டு, தனி மேசை. பந்துக்குத் தீட்டில்லை, கோப்பைக்குத் தீட்டு! இந்த விசித்திரக் கணக்கு உலகில் வேறு எங்காவது இருக்குமா?

1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் முதல் அகில இந்திய அணி இங்கிலாந்து போனது. அணி தொடர்ந்து தோற்றது. பாலு மட்டும் 114 விக்கெட் எடுத்தார். திரும்பி வந்தபோது பம்பாயில் ஒடுக்கப்பட்ட மக்கள் அவருக்கு வரவேற்பு கொடுத்தார்கள். அதில் இருபது வயது இளைஞர் அம்பேத்கருக்கும் பங்கு இருந்தது என்று வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா எழுதுகிறார். ஆனால் இந்து அணியின் தலைமைப் பதவி பாலுவுக்குத் தரப்படவே இல்லை. அவருடைய தம்பிகள் சிவராமும் விட்டலும்கூடப் பெரிய ஆட்டக்காரர்கள். 1920இல் தலைமை விஷயத்தில் நடந்த சாதிப் பாகுபாட்டை எதிர்த்து அந்த இருவரும் ஆட மறுத்து அணியிலிருந்து விலகி நின்றார்கள். அதன் பிறகே பாலுவுக்குத் துணைத் தலைவர் பதவி கிடைத்தது. 1923இல் விட்டல் தலைவரானார். கோரிக்கை மனு கொடுத்து வாங்கியதல்ல அது, வேலைநிறுத்தம் செய்து வாங்கியது.

இந்தியா முதல் டெஸ்ட் ஆடியது 1932இல். பாலுவுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது தாண்டிவிட்டது. ஆக, டெஸ்ட் கணக்குப்படி பாலு பூஜ்யம். சாட்செல் பெய்ஜின் பத்தாண்டு விதி மாதிரிதான். மும்பை வான்கடே மைதானத்தில் விஜய் மெர்ச்சண்ட், கவாஸ்கர், டெண்டுல்கர் பெயர்களில் பார்வையாளர் பகுதிகள் இருக்கின்றன. 2025இல் அரசியல்வாதி சரத் பவார் பெயரிலும் ஒன்று வைத்தார்கள். பம்பாய்க்காக ஐரோப்பியர்களைச் சுருட்டிய பாலுவின் பெயரில் ஒரு பகுதி வைக்க இடம் கிடைக்கவில்லை.

இதெல்லாம் தெரிந்தும் உங்களில் சிலர் பாலு வேண்டாம் என்கிறீர்கள். காரணம் வலுவானதுதான். 1932 பூனா ஒப்பந்தத்தின்போது அவர் காந்தியின் பக்கம் நின்றார். நம் எம்.சி. ராஜாவும் அப்போது கூட்டுத் தொகுதிப் பக்கம்தான் நின்றார். 1935இல் அண்ணல் மதமாற்றத்தை அறிவித்தபோது பாலு எதிர்த்தார். 1937 தேர்தலில் காங்கிரஸ் அண்ணலுக்கு எதிராகப் பாலுவையே பம்பாயில் நிறுத்தியது. அண்ணலுக்கு 13,245 வாக்கு, பாலுவுக்கு 11,225. மண் குவளையில் தேநீர் கொடுத்தவர்களின் கட்சி, அவருடைய புகழை எடுத்து அண்ணலின் மீது வீசிப் பார்த்தது. வலிக்கத்தான் செய்கிறது.

ஆனால் ஜெஸ்ஸி ஓவன்ஸைப் பாருங்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் மேடையில் கறுப்புக் கையுறை அணிந்த முட்டியை உயர்த்தினார்களே, அப்போது கறுப்பின வீரர்களைச் சமாதானப்படுத்த அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டி அனுப்பிய ஆள் இதே ஓவன்ஸ்தான். போராடும் இளைஞர்களைக் கண்டித்து ஒரு புத்தகமே எழுதினார். இரண்டாண்டு கழித்து 'நான் மாறிவிட்டேன்' என்ற பொருளில் இன்னொரு புத்தகம் எழுதினார். பெர்லினில் ஓடியவரும் மெக்சிகோவில் சமாதானம் பேசப் போனவரும் ஒரே மனிதர்தான். அலபாமா அரசுக்குப் பிடித்த ஓவன்ஸ் எந்த ஓவன்ஸ் என்று நான் சொல்லத் தேவையில்லை.

என் கருத்து, பாலுவை வைக்க வேண்டும். 1937ஐயும் சேர்த்து வைக்க வேண்டும். நம் சுவரில் இடம் பெறுபவர் வாழ்நாள் முழுக்க நம் கொள்கையில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும் என்றால் அதுவும் ஒரு பத்தாண்டு விதி ஆகிவிடும். சாதி ஒருவரை எவ்வளவு நசுக்கும் என்பது மண் குவளையில் தெரிகிறது. நசுக்கப்பட்டவரை எப்படி அணைத்துப் பயன்படுத்திக்கொள்ளும் என்பது 1937இல் தெரிகிறது. இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் இங்கே வருகிற பதினைந்து வயதுப் பிள்ளை பாலுவிடமிருந்து என்ன கற்றுக்கொள்ளும்? இதில் உடன்படாத தோழர்கள் இருக்கலாம். கூட்டம் முடிந்ததும் பேசுவோம்.

பட்டியலைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம். பெண்கள் மிகக் குறைவு. 2020 டோக்கியோ ஒலிம்பிக் 2021இல் நடந்தபோது ஹாக்கி அரையிறுதியில் இந்திய அணி தோற்ற அன்றே வந்தனா கட்டாரியா வீட்டு வாசலில் வெடி வெடித்துச் சாதியைச் சொல்லி ஏசினார்களே, அந்த வந்தனா பட்டியலில் இல்லை. கண்ணகி நகர் கார்த்திகா பெயரைச் சேர்த்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. 2025இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்ற அணியில் ஆடியவர். ஆற்றோரத்திலும் கால்வாயோரத்திலும் இருந்த மக்களைப் பெயர்த்தெடுத்து நகரத்துக்கு வெளியே கொட்டிய இடம்தான் கண்ணகி நகர். அந்தப் பெயரைச் சொன்னால் வேலை தரத் தயங்கிய நகரம், பதக்கம் வந்ததும் 'சென்னையின் மகள்' என்கிறது. அலபாமா செய்ததும் இதுதான்.

அடுத்தது, படத்துக்குக் கீழே சாதியை எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். உயிரோடு இருப்பவர்களுக்கு, அவர்களாகச் சொல்லாதவரை, வேண்டாம். பதக்கம் வாங்கிய மறுநிமிடம் இணையத்தில் வீரரின் சாதியைத் தேடுகிற நாடு இது. சாதிச் சங்கங்கள் வீரர்களின் முகத்தைப் போட்டுச் சுவரொட்டி ஒட்டுகின்றன. 'பைசன்' படம் வந்த பிறகு மணத்தி கணேசன் எந்தச் சாதிக்குச் சொந்தம் என்று பேசியவர்களை நீங்களே பார்த்தீர்கள். நம் சுவரும் அப்படி ஒரு சுவரொட்டி ஆகிவிடக் கூடாது. எதிர்கொண்ட தடையை எழுதுங்கள். எந்த மைதானத்தில் விடவில்லை, என்ன வேலை பார்த்தார், ஷூ யார் வாங்கிக் கொடுத்தது, எந்த ஆண்டு ஆட்டத்தை நிறுத்த வேண்டி வந்தது, ஏன்? பதக்கத்தின் எண்ணிக்கை அதற்குப் பிறகு வரட்டும்.

அதோடு, இந்தப் பகுதியில் மாவட்ட அளவில் ஆடிவிட்டு, இன்று மூட்டை தூக்குகிற, ஆட்டோ ஓட்டுகிற அண்ணன்களும் அக்காக்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்ப் பழைய படம் கேளுங்கள். பலரிடம் ஒரு குழுப் புகைப்படமாவது இருக்கும்.

பாலுவின் படத்துக்கு நான் எழுதி வந்ததை வாசிக்கிறேன்:

"பல்வங்கர் பாலு. இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட். பூனாவில் மாதம் 4 ரூபாய்க்கு மைதானம் பராமரித்தவர். சக ஆட்டக்காரர்கள் பீங்கான் கோப்பையில் தேநீர் குடித்தபோது இவருக்கு வெளியே மண் குவளை. இந்து அணியின் தலைவராக இவர் ஒருமுறைகூட நியமிக்கப்படவில்லை. தம்பிகள் ஆட மறுத்த பிறகு துணைத் தலைவர். 1937 தேர்தலில் அண்ணல் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார்."

இதில் ஒரு வரியைச் சேர்க்க வேண்டும், எடுக்க வேண்டும் என்பவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள். பிரேம் போடுபவரிடம் நாளைக்குக் கொடுக்க வேண்டுமாம்.